செலக்ட் ஆனவள்

நான் அரசுப் பள்ளியில் ஆங்கிலம் நடத்துகிறேன். ஏழாம் வகுப்புப் பாடம் ஒன்றின் கடைசியில் அருஞ்சொற்கள் வரும். மற்றச் சொற்களுக்கெல்லாம் கரும்பலகையில் பொருள் எழுதி, ஆளுக்கொரு வாக்கியம் சொல்லச் சொல்வேன். ‘செலக்ட்’ வந்தால் மட்டும், “இது உங்களுக்கே தெரியும்” என்று தாண்டிப் போய்விடுகிறேன். பிள்ளைகளும் விட்டுவிடுகிறார்கள். உண்மையிலேயே அவர்களுக்குத் தெரியும். பள்ளிக்கூட வாசலில் மாங்காய் விற்கிற அம்மாவுக்கும் தெரியும்.

எங்கள் பாண்டிச்சேரியில், மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டைக்கு இன்டர்வியூவுக்குப் போன பையன் ‘செலக்ட் ஆயிட்டேன்’ என்று போன் செய்தால் வீட்டில் கேசரி கிண்டுவார்கள். போலீஸ் வேலைக்கு ஓடப் போனவன் மூச்சு வாங்கத் திரும்பி வந்தால் தெருவே கேட்கும், செலக்ட் ஆனியா இல்லையா என்று. பெண் பார்த்துவிட்டுப் போனவர்கள் போன் செய்யாவிட்டால் ‘செலக்ட் ஆவல போல’ என்று சொல்லிவிட்டு அவரவர் வேலையைப் பார்ப்பார்கள். அகராதி ‘தேர்ந்தெடு’ என்கிறது. தேர்ந்தெடுக்க ஒரு ஆள் வேண்டும், அவர் முன்னால் நாலைந்தாவது கிடக்க வேண்டும். நம்மிடம் அந்த ஆளைப் பற்றிய பேச்சே இல்லை. மழை பெய்கிற மாதிரி, காய்ச்சல் வருகிற மாதிரி, ஒருவர் செலக்ட் ஆகிறார். ஒருவர் ஆவதில்லை.

என் அக்கா ஆகாதவள். பள்ளியில் கோ-கோ நன்றாக ஆடுவாள். மாவட்ட அணிக்கு ஆள் எடுக்க வந்தவர்கள் அவளைவிட மெதுவாக ஓடிய பெண்ணை எடுத்துக்கொண்டு போனார்கள். பன்னிரண்டாவது முடித்ததும் மேட்டுப்பாளையத்தில் மாத்திரைக்கு அட்டை போடும் கம்பெனிக்குத் தோழிகளோடு போனாள். தோழிகள் செலக்ட் ஆனார்கள். பிறகு மாப்பிள்ளைகள் வந்தார்கள். அதில் ஒரு குடும்பம் சொல்தா வீடு. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு பிரான்ஸ் பென்ஷனில் காலம் தள்ளுகிறவர்களை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். அவர்கள் பையன் லீவில் வந்திருந்தான். திரும்பிப் போவதற்குள் கல்யாணம் முடிக்க வேண்டும் என்று பாண்டிச்சேரியில் இருக்கிற பெண்களை எல்லாம் வரிசையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் வீட்டில் காபி குடித்தார்கள், பக்கோடாவை நன்றாக இருக்கிறது என்றார்கள், போனார்கள். அந்தக் காலத்தில் எனக்கு அவள்மேல் இரக்கம் வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. இவள் ஏன் எப்போது பார்த்தாலும் வந்தவர்களுக்கு நல்லவளாகவே நிற்கிறாள் என்று.

கல்யாணம் என்ற பேச்சு வீட்டில் மெல்லக் குறைந்து, நின்றும் போனது. அக்கா நேரு வீதியில் ஒரு புடவைக் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். காலையிலிருந்து இரவு கடை மூடும்வரை நின்றுகொண்டே இருக்க வேண்டும். வந்தவர்கள் மெத்தையில் உட்கார்வார்கள், இவள் எடுத்து எடுத்து விரிப்பாள். “செலக்ஷன் பண்ணுங்க மேடம், நிறைய கலர் இருக்குது” என்பாள். ஒன்றை எடுத்துக்கொண்டு அவர்கள் பில் போடப் போனதும் மீதி மலைபோல் கிடக்கும். “விக்கிறது ஒண்ணும் பெரிய வேலையே இல்ல பாப்பா. செலக்ட் ஆவாதத மடிச்சு திரும்ப அதது எடத்துல வெக்கிறதுதான் வேல” என்று என்னிடம் சொல்லிச் சிரிப்பாள். நான் கல்யாணமாகி இரண்டு பிள்ளை பெற்ற பிறகும் அவளுக்கு நான் பாப்பாதான்.

எங்களுக்கு ஒரு அண்ணன். மேட்டுப்பாளையத்தில் ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர். அப்பா மில்லில் வேலை பார்த்து, மில் மூடிய கவலையிலேயே போய்ச் சேர்ந்தவர். அதனால் அம்மாவுக்கு அண்ணன்தான் எல்லாம். அவன் தும்மினால் அம்மா சுற்றிப் போடுவாள். அவனுக்குத்தான் முகம் ஊதி, கால் ஊதி, சாப்பிட்டது எல்லாம் வாந்தியாக வந்தது. இரண்டு கிட்னியும் போய்விட்டது என்றார்கள். டயாலிசிஸ் நாளில் அவனை ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டிவரும்போது என் தோளில் கை போட்டுத்தான் ஆட்டோவில் ஏறுவான். கோபமே படாத மனிதன். தண்ணீரை அளந்துதான் குடிக்க வேண்டும் என்றிருந்தார்கள்; இன்னும் கொஞ்சத்துக்காக அவன் அண்ணியிடம் கெஞ்சுவதை நானே பார்த்தேன். அவன் பிழைக்க வேண்டும் என்பதில் எனக்கும் இரண்டாம் எண்ணம் இல்லை. இதைச் சொல்லிவிட்டே மற்றதைச் சொல்ல வேண்டும்.

டாக்டர் உறவில் யாராவது ஒரு கிட்னி கொடுத்தால் நல்லது என்றார். அம்மாவுக்கு வயதாகிவிட்டது, வேண்டாம் என்றுவிட்டார்கள். எனக்குச் சர்க்கரை, அதனால் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். மிஞ்சியது அண்ணியும் அக்காவும். இரண்டு பேருக்கும் ரத்தம் ஒத்துப்போனது. மற்றப் பரிசோதனைகளுக்கு ஒருவர் வந்தால் போதும், யார் என்று நீங்களே பேசி முடிவு செய்துகொண்டு வாருங்கள் என்றார்கள்.

முதலியார்பேட்டையில் அம்மா வீட்டில் பேச்சு நடந்தது. அண்ணியின் அப்பாவும் வந்திருந்தார். அண்ணி முந்தானையை முறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் அப்பாதான் பேசினார்.

“ரெண்டு புள்ளைங்கள வெச்சிருக்குது. நாளைக்கு இதுக்கும் ஒண்ணு ஆச்சுன்னா அதுங்க கதி இன்னா? ஒண்டிக்கட்டையா இருக்கறவங்க பேசறது வேற.”

ஒண்டிக்கட்டை அப்போது கடையில் நின்றுகொண்டிருந்தாள். எனக்கு ஆத்திரமாக வந்தது. “அவளையும் கூப்ட்டு வெச்சுப் பேசலாமே” என்றேன். அம்மா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, “யாரும் பேச வேணாம். கொலதெய்வத்துக்கிட்ட பூ போட்டுப் பாக்கலாம். அது சொல்லட்டும்” என்றாள். எல்லோர் முகத்திலும் நிம்மதி வந்தது. தெய்வம் சொல்லிவிட்டால் அதன் பிறகு யாரும் யார் முகத்தையும் பார்த்துக் கூச வேண்டியதில்லை அல்லவா.

அந்த ஞாயிற்றுக்கிழமை அம்மாவை ஸ்கூட்டரில் உட்கார வைத்துக்கொண்டு போனேன். ஞாயிறு கடையில் கூட்டம், அக்காவுக்கு லீவு கிடையாது. நோணாங்குப்பத்தில் படகுத்துறைக்குப் போகிற வெளியூர்க் கார்கள் ரோட்டை அடைத்துக்கொண்டு நின்றன. கூலிங்கிளாஸ் போட்ட கூட்டம் ஒன்று செல்பி எடுத்துக்கொண்டிருந்தது. பாலம் தாண்டினால் எங்கள் அம்மன் கோயில். வாசலில் பூக்காரம்மாவிடம் சிவப்பு அரளியும் வெள்ளை அரளியும் வாங்கி, தனித்தனியாக வெற்றிலையில் வைத்து, எது எது என்று தெரியாதபடி நூல் சுற்றிக் கட்டினாள் அம்மா. சிவப்பு, தாலி கட்டிய அண்ணிக்கு. வெள்ளை, அக்காவுக்கு. பூசாரி இரண்டையும் தட்டில் வைத்துக் குலுக்கி அம்மன் காலடியில் வைத்தார். விஷயம் தெரியாத யாராவது ஒருவர் எடுக்க வேண்டும். அதுதான் முறை.

சாமி கும்பிட வந்த ஒரு பெண்ணைக் கூப்பிட்டோம். எடுத்துக் கொடுத்தாள். பிரித்தால் சிவப்பு.

அம்மா அதையே உற்றுப் பார்த்தாள். பிறகு, “அந்தம்மா எடது கையால எடுத்துச்சு. மறுபடியும் வைங்க” என்றாள். நானும் பக்கத்தில்தான் நின்றேன். வலது கைதான். பூசாரி புதிதாகக் கட்டச் சொல்லி மறுபடியும் வைத்தார். இந்த முறை ஒரு வயதானவர் எடுத்தார். மறுபடியும் சிவப்பு.

“ரெண்டு தரமும் ஒண்ணே வந்துருச்சும்மா. உத்தரவு குடுத்துட்டா” என்றார் பூசாரி.

“மூணு தரம் கேக்கணும் சாமி. எங்க வூட்டுல அப்பிடித்தான் வழக்கம்.”

அப்படி ஒரு வழக்கம் எங்கள் வீட்டில் இருப்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். மூன்றாவது முறைக்கு ஆள் கிடைக்கவில்லை. அம்மாவே வெளியில் போய், செருப்பு விட்டுக்கொண்டிருந்த ஒரு அம்மாவைக் கையைப் பிடித்து அழைத்து வந்தாள். அந்த அம்மா பயந்துகொண்டே ஒரு பொட்டலத்தை எடுத்தாள். வெள்ளை. அம்மா அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, கன்னத்தில் போட்டுக்கொண்டு, உடனே முந்தானையில் முடிந்துகொண்டாள்.

“மூணுல ரெண்டு தரம் அண்ணிக்குத்தாம்மா வந்துச்சு” என்றேன்.

“நீ இன்னா கணக்கு டீச்சரா? இங்கிலீஷ் டீச்சர்தான? சும்மா இரு. கடைசியா வர்றதுதான் வாக்கு.”

திரும்பி வரும் வழியெல்லாம் என் தோளைப் பிடித்துக்கொண்டு அம்மனைப் புகழ்ந்துகொண்டே வந்தாள். அம்மா வேண்டுமென்றே ஏமாற்றினாள் என்று நான் சொல்ல மாட்டேன். அவள் உண்மையாகவே நம்பினாள். அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருக்கிறது.

அன்றைக்கே கடையின் பின்வாசலுக்குப் போய் அக்காவைக் கூப்பிட்டுச் சொன்னேன். ஒன்றையும் மறைக்கவில்லை. சிவப்பு வந்தது, மறுபடியும் சிவப்பு வந்தது, செருப்பு விட்ட அம்மாவின் கையைப் பிடித்து இழுத்தது, எல்லாம். அவள் சுவரில் சாய்ந்து ஒரு காலை மடக்கி மறு காலில் நின்றபடி கேட்டாள். பிறகு சிரித்தாள்.

“சாமியாலயே அம்மாவ எதுத்துக்க முடியல. நான் எங்க பாப்பா?”

“நீ மாட்டேன்னு சொல்லுக்கா. நான் பேசறேன்.”

“எதுக்கு மாட்டேன்னு சொல்லணும்? அண்ணனுக்குத்தான.” உள்ளே யாரோ கூப்பிட்டார்கள். போய்விட்டாள்.

பரிசோதனைகள் நடந்தன. ரத்தம் எடுத்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள், கமிட்டி முன்னால் உட்கார வைத்து யாராவது வற்புறுத்தினார்களா என்று கேட்டார்கள். இல்லை என்றாள். பொய் சொன்னதாகவும் சொல்ல முடியாது. முடிவு வந்த அன்று ஆஸ்பத்திரியில் இதற்கென்று இருக்கிற பெண் ஒருத்தி அக்காவுக்கு நேராகப் போன் செய்தாள். நான் பக்கத்தில் இருந்தேன். போனில் அந்தக் குரல் உற்சாகமாகக் கேட்டது. “மேடம், எல்லா டெஸ்ட்டும் பர்ஃபெக்ட். நீங்க செலக்ட் ஆயிட்டீங்க!” நல்ல எண்ணத்தோடுதான் சொல்லியிருப்பாள்.

அக்காவின் முகத்தை நான் அப்படிப் பார்த்ததே இல்லை. போனைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். “பர்ஃபெக்ட்டாம் பாப்பா” என்றாள். மறுநாள் கடைக்குப் போகும்போது வழியில் லட்டு வாங்கினாள். கூட வேலை செய்கிறவர்கள், காவலாளி, பில் போடுகிறவர், எல்லோருக்கும் கொடுத்தாள். எனக்கும் இரண்டு கொண்டுவந்தாள். எனக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தது.

“இன்னாக்கா இது? லட்டு குடுக்கற விஷயமா?”

“செலக்ட் ஆனா ஸ்வீட்டு குடுக்கணும்ல. நாம வாங்கித்தான் தின்னுருக்கோம், குடுத்ததே இல்ல.”

“பூ ரெண்டு தரம் அண்ணிக்குத்தான்க்கா விழுந்துச்சு.”

“விழட்டுமே. கடைசியில நான்தான செலக்ட் ஆனேன்?”

சர்க்கரை இருந்தும் லட்டைத் தின்றேன். வேறு என்ன செய்வது?

ஆபரேஷனுக்கு முன்னால் அம்மா அவளுக்கு ஒரு புடவை எடுத்துத் தர ஆசைப்பட்டாள். வேறு கடைக்குப் போகலாம் என்றேன். அக்கா தன் கடைக்கே போக வேண்டும் என்றாள். மெத்தையில் இந்தப் பக்கம் உட்கார வேண்டும் என்று அவளுக்கு ஆசை. அவளோடு நிற்கிற பெண்கள் ஆர்ப்பாட்டமாக வரவேற்றார்கள். “இன்னிக்கு நீதான் கஸ்டமரு, ஒக்காருக்கா. இன்னா ரேஞ்சுல காட்டட்டும் மேடம்?” என்று ஒருத்தி கிண்டல் செய்தாள். விரித்துக்கொண்டே போனார்கள். அக்கா ஒவ்வொன்றையும் தடவிப் பார்த்தாள், மடிப்பு கலையாமல் திருப்பிக் கொடுத்தாள். மயில் கழுத்து நிறத்தில் ஒன்று அவளுக்கு அவ்வளவு பொருத்தமாக இருந்தது. அதை வைத்துவிட்டு எழுந்து போய், அலமாரித் தட்டின் மூலையிலிருந்து கடுகு நிறத்தில் ஒன்றை அவளே எடுத்து வந்தாள்.

“இதுவா?” என்றாள் அம்மா. “எண்ண வழிஞ்ச மாதிரி இருக்குதே.”

“இது ரொம்ப நாளா இருக்குதும்மா. எத்தினியோ பேருக்கு விரிச்சுட்டேன். யாரும் செலக்ட் பண்ண மாட்டேங்கறாங்க.”

அதைத்தான் எடுத்தாள். பில் போடும்போது அந்தப் பெண்கள் கை தட்டினார்கள்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அடுத்தடுத்த படுக்கை இல்லை, வேறு வேறு அறை. அம்மா அண்ணன் அறையில் இருந்தாள், நான் அக்காவோடு இருந்தேன். விழித்ததும் அக்கா முதலில் கேட்டது, “வேல செய்யுதாமா?” என்றுதான். செய்கிறது என்றேன். அண்ணனுக்கு மூத்திரம் இறங்கிய செய்தியை அம்மா தாழ்வாரத்தில் போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். வலியிலும் அக்கா சிரித்தாள்.

அதன்பின் வந்த மாதங்கள் அக்காவின் நல்ல காலம் என்றுதான் சொல்ல வேண்டும். உறவுக்காரர்கள் அவளைப் பார்க்க வந்தார்கள், ஹார்லிக்ஸ் பாட்டிலோடு. அம்மா அவளை ‘எங்க வூட்டு சாமி’ என்றாள். அண்ணியின் அப்பாகூட வந்து கும்பிட்டுவிட்டுப் போனார். அண்ணன் அவள் காலடியில் உட்கார்ந்து அழுதான். அவன் முகம் வற்றி, பழைய முகம் வந்திருந்தது. ஒரு செம்புத் தண்ணீரை நிறுத்தாமல் குடித்துக் காட்டினான். அக்கா அதை வாய் திறந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு அண்ணனுக்கு ஜுரம் வந்தது. எடை ஏறியது, காலில் விரல் வைத்து அழுத்தினால் குழி விழுந்தது. ஆஸ்பத்திரியில் சேர்த்து ஊசி மேல் ஊசியாகப் போட்டார்கள். மாத்திரையை அவன் ஒரு வேளையும் விட்டவனில்லை. யார்மேலும் தப்பு இல்லை, சில பேருக்கு இப்படி ஆகும், உடம்பு அதை வேற்றுப் பொருளாகத்தான் பார்க்கிறது என்றார் டாக்டர். அண்ணன் மறுபடியும் டயாலிசிஸ் நாற்காலிக்குப் போனான்.

எங்கள் தெருவில் யாருக்கும் இந்த விளக்கம் தேவைப்படவில்லை. ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்கள். ரிஜெக்ட். பக்கத்து வீட்டு அம்மா விசாரிக்க வந்தபோது நான் உள்ளே அக்காவோடு கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். கூடத்தில் அம்மாவின் குரல் தெளிவாகக் கேட்டது.

“ரிஜெக்ட் ஆயிடுச்சாம். இன்னா பண்றது, அவ ராசி அப்பிடி. பொறந்ததுலேருந்து அவளுது எதுதான் செலக்ட் ஆச்சு? நாந்தான் பைத்தியக்காரி, பூவ திருப்பித் திருப்பிப் போட்டேன். மொத தரமே அம்மன் சொன்னா, கேக்காமப் போனேன்.”

நான் எழுந்தேன். பெற்றவள் என்று பார்க்காமல் நாலு வார்த்தை கேட்டுவிடத்தான் எழுந்தேன். அக்கா என் புடவையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள். மீதிக் கீரையை அவளே ஆய்ந்து முடித்தாள். தலை நிமிரவில்லை.

இப்போது அவள் மறுபடியும் கடைக்குப் போகிறாள். கட்டுகளைத் தூக்கக் கூடாது என்பதால் மாடியிலிருந்து கீழே இறக்கி, ஜாக்கெட் துணிப் பிரிவில் விட்டிருக்கிறார்கள். போன வாரம் பள்ளி விட்டு அவளைப் பார்க்கப் போனேன். கூட்டமில்லை. யாரோ விரித்துப் பார்த்து விட்டுப்போன துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். உட்கார ஒரு ஸ்டூல் இருந்தது, உட்காரவில்லை. அண்ணனைப் பற்றிக் கேட்டாள். அப்படியேதான் இருக்கிறான் என்றேன். துணியின் ஓரத்தைச் சரிசெய்துகொண்டே, என்னைப் பார்க்காமல் கேட்டாள்.

“பாப்பா, என்னோடத வெளிய எடுத்துட்டாங்களா?”

“இல்லக்கா. எடுக்க மாட்டாங்களாம். தொந்தரவு குடுக்கலன்னா உள்ளயே விட்டுடுவாங்களாம்.”

அவள் கை நின்றது.

“வேணாம்னுதான சொல்லிடுச்சு அவன் ஒடம்பு? அப்புறம் எதுக்கு வெச்சிக்கினு இருக்கணும்?” என்றாள். “செலக்ட் ஆவலன்னா நாங்க கூட மடிச்சு, அது எடத்துலயே திரும்ப வெச்சுடுவோம் பாப்பா.”